உலக ஆடவர் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பதினாறு நாடுகள் மோதும் உலக ஆடவர் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சில கேள்விகளுக்கு நான்கு வரிகள் போதும். சிலவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வரலாற்றுக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது.

இந்தப் போட்டியை நடத்துவது யார்?

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு நடத்துகிறது. 1908-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் தலைமையகம் இப்போது சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இருக்கிறது. வட அமெரிக்காவில் நடக்கும் என்.எச்.எல். என்பது தொழில்முறைக் கழகங்களுக்கு இடையிலான லீக். அதன் கோப்பைதான் புகழ்பெற்ற ஸ்டான்லி கோப்பை. உலக சாம்பியன்ஷிப்பில் ஆடுபவை கழகங்கள் அல்ல, நாடுகள். ஒலிம்பிக்கிலும் நாடுகள்தான் ஆடுகின்றன என்றாலும் அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் வருவது. இதுவோ ஆண்டுதோறும் வருவது.

நாம் பார்த்துப் பழகிய ஹாக்கியிலிருந்து இது எவ்வளவு தூரம் மாறுபட்டது?

மட்டையும் கோல் வலையும் இருப்பதைத் தவிர மற்ற எல்லாமே வேறு. ஆடுகளம் 60 மீட்டர் நீளமும் 26 முதல் 30 மீட்டர் வரை அகலமும் உள்ள பனித்தளம்; சுற்றிலும் பலகைச் சுவரும் அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பும் இருக்கும். பந்துக்குப் பதிலாக, பக் எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அதன் விட்டம் 7.62 சென்டிமீட்டர், தடிப்பு 2.54 சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் இந்த வட்டுகளை உறைபெட்டியில் வைத்துக் குளிரச் செய்கிறார்கள். வெதுவெதுப்பான ரப்பர் பனியில் துள்ளும். உறைந்த ரப்பர் தரையோடு ஒட்டி வழுக்கிச் செல்லும்.

ஒரு நேரத்தில் ஓர் அணிக்குக் களத்தில் ஐந்து சறுக்கு ஆட்டக்காரர்களும் ஒரு கோல்கீப்பரும் இருப்பார்கள். முழு வேகத்தில் சறுக்கும் ஒருவரால் முக்கால் நிமிடத்துக்கு மேல் அதே வேகத்தைத் தக்கவைக்க முடியாது. ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வரிசை சுவரைத் தாண்டி உள்ளே குதிக்க, மற்றொரு வரிசை வெளியேறிக்கொண்டே இருக்கும். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்கும். வட்டை வைத்திருப்பவரை உடலால் மோதித் தடுப்பது விதிகளுக்கு உட்பட்டதே. தடுக்கி விழச் செய்தாலோ மட்டையால் அடித்தாலோ, பெரும்பாலும் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். பெரிய ஆட்டங்கள் பல அந்த இரண்டு நிமிடங்களில்தான் முடிவாகின்றன.

போட்டியின் அமைப்பு என்ன?

பதினாறு அணிகள், எட்டு எட்டாக இரண்டு பிரிவுகள். பெரும்பாலும் இரண்டு நகரங்களில், நகரத்துக்கு ஒரு பிரிவாக ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வோர் அணியும் தன் பிரிவிலுள்ள மற்ற ஏழு அணிகளையும் சந்திக்கும். முதல் நான்கு இடங்களைப் பெறுபவை காலிறுதிக்குச் செல்லும். பிறகு அரையிறுதி, வெண்கலப் பதக்க ஆட்டம், இறுதி ஆட்டம். மொத்தம் இரண்டு வாரங்களுக்குச் சற்று அதிகமாக நடைபெறும்.

ஒவ்வொரு பிரிவிலும் கடைசி இடம் பெறும் அணி அடுத்த ஆண்டு ஒரு படி கீழே இறங்கும். கீழ்ப் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பெறும் நாடுகள் மேலே வரும். 2025-இல் கஜகஸ்தானும் பிரான்ஸும் இறங்கின. பிரிட்டனும் இத்தாலியும் ஏறின. உச்சியில் நடக்கும் இந்தப் பதினாறு அணிப் போட்டிக்குக் கீழே நான்காம் பிரிவு வரை அடுக்கடுக்காகப் போட்டிகள் உள்ளன.

ஆட்டம் சமநிலையில் முடிந்தால் என்ன செய்வார்கள்?

சமநிலையில் முடிய விடமாட்டார்கள். வழக்கமான அறுபது நிமிடத்துக்குள் வென்றால் மூன்று புள்ளிகள். கூடுதல் நேரத்திலோ, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தனியே சென்று கோல்கீப்பரை எதிர்த்து அடிக்கும் பெனால்டி ஷூட்அவுட்டிலோ வென்றால் இரண்டு. அப்படித் தோற்றவருக்கு ஒன்று. பிரிவு ஆட்டங்களில் கூடுதல் நேரம் ஐந்து நிமிடம், காலிறுதியிலிருந்து பத்து நிமிடம். அந்த நேரத்தில் அணிக்கு மூன்று சறுக்கு ஆட்டக்காரர்கள்தான் களத்தில் இருப்பார்கள். முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும்.

இறுதி ஆட்டத்தில் மட்டும் இப்போது ஷூட்அவுட் கிடையாது. கோல் விழும்வரை இருபது இருபது நிமிடங்களாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். உலகப் பட்டத்தை ஒருவருக்கு ஒருவர் அடிக்கும் தனி வாய்ப்புகளால் தீர்மானிப்பதைவிட இது மிகவும் நேர்மையான முறை என்பதே என் எண்ணம். 2021, 2022, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளின் இறுதி ஆட்டங்களும் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒற்றை கோலால்தான் முடிந்தன.

எப்போது தொடங்கியது?

1920-இல் ஆன்ட்வெர்ப்பில் நடந்த கோடைக்கால ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றது. அதையே முதல் உலக சாம்பியன்ஷிப்பாகக் கூட்டமைப்பு பின்னாளில் ஏற்றுக்கொண்டது. அதில் கனடாவுக்காக ஆடி வென்றது வின்னிபெக் ஃபால்கன்ஸ் என்ற கழகம். அந்த அணியினரில் பெரும்பாலோர் ஐஸ்லாந்திலிருந்து குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள். 1968 வரை ஒலிம்பிக்கில் வென்ற அணியே அந்த ஆண்டின் உலக சாம்பியனாகவும் கருதப்பட்டது.

ஒலிம்பிக்கோடு சேராத தனிப் போட்டி முதன்முதலாக 1930-இல் பிரான்ஸின் ஷாமோனியில் தொடங்கியது. அப்போது செயற்கைப் பனித்தளம் அரிது. வெயில் ஏறி, திறந்தவெளித் தளத்தின் பனி உருகிவிட்டதால் மீதி ஆட்டங்களை பெர்லினுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கனடாவை வெல்ல ஐரோப்பாவில் ஆளில்லை என்று கருதி, அதை நேரடியாக இறுதி ஆட்டத்தில் வைத்தார்கள். மற்ற நாடுகளை வென்று வந்த ஜெர்மனியைக் கனடா 6–1 என்று தோற்கடித்தது. ஒரு நாட்டின் தேசிய அணி என்றால் அந்நாட்டின் ஏதாவதொரு கழகத்தைக் கப்பலேற்றி அனுப்பிவைப்பது என்ற வழக்கமே கனடாவில் நெடுங்காலம் நீடித்தது.

அதிகப் பட்டங்களை வென்ற நாடு எது?

2025 போட்டி முடிந்த நிலையில் கனடா 28 பட்டங்களுடன் முதலிடத்தில் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் 22-ம் அதன் வாரிசான ரஷ்யா 5-மாக மொத்தம் 27. செக்கோஸ்லோவாக்கியா 6-ம் செக் குடியரசு 7-மாக 13. சுவீடன் 11, பின்லாந்து 4, அமெரிக்கா 3, பிரிட்டனும் ஸ்லோவாக்கியாவும் தலா 1.

அமெரிக்காவின் கணக்கு பலருக்கு வியப்பளிக்கும். 1933-இல் ப்ராகில் கனடாவை 2–1 என்று வென்ற பிறகு, ஒலிம்பிக்கோடு சேராத உலக சாம்பியன்ஷிப் ஒன்றை அந்நாடு மீண்டும் வெல்ல 2025 வரை காத்திருந்தது. இடையில் கிடைத்த 1960-ஆம் ஆண்டுப் பட்டம் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கின் வழியாக வந்தது. 2025-இல் ஸ்டாக்ஹோமில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டம் அறுபது நிமிடமும் கோலின்றிக் கழிந்தது. கூடுதல் நேரத்தில் டேஜ் தாம்ப்சன் அடித்த கோல் 92 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தது. முந்தைய ஆண்டு விபத்தில் உயிரிழந்த தங்கள் சக வீரர் ஜானி கோட்ரோவின் சட்டையைப் போட்டி முழுவதும் அந்த அணி தன்னோடு வைத்திருந்தது.

உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் வருவதில்லை என்கிறார்களே? அப்படியானால் இது இரண்டாந்தரப் போட்டிதானா?

இந்தப் போட்டியைப் பற்றி மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். குற்றச்சாட்டில் பாதி உண்மை. என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பைக்கான நீக்கல் சுற்று ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நீள்கிறது. மே மாதத்தில் அதில் இன்னும் தாக்குப்பிடித்திருக்கும் கழகங்களின் ஆட்டக்காரர்கள் உலக சாம்பியன்ஷிப்புக்கு வர முடியாது. தோற்று வெளியேறியவர்களிலும் காயம், களைப்பு, ஒப்பந்தம் என்று பல காரணங்களால் வராதவர்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு நாட்டின் மிகச் சிறந்த அணி இங்கே களமிறங்குகிறது என்று சொல்ல முடியாது.

ஆனால் அதிலிருந்து இது பொருட்படுத்தத் தேவையில்லாத போட்டி என்ற முடிவுக்குப் போவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். முதலாவதாக, வருபவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். 2025-இல் கனடாவின் சட்டையை அணிந்தவர்களில் சிட்னி கிராஸ்பியும் நேதன் மெக்கினனும் இருந்தார்கள். இரண்டாவதாக, போட்டி தொடங்கிய பிறகும் அணியில் ஆட்களைச் சேர்க்க விதிகள் இடம் கொடுப்பதால், நாடுகள் சில இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு, வட அமெரிக்காவில் எந்தக் கழகம் எப்போது தோற்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் காத்திருப்பே தனி விறுவிறுப்பு.

அதே ஆண்டில் டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில் நடந்த காலிறுதியைப் பாருங்கள். டென்மார்க்கின் நிகோலாய் ஏலர்ஸ், தன் கழகமான வின்னிபெக் ஜெட்ஸ் நீக்கல் சுற்றில் தோற்றவுடன் விமானமேறித் தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். எதிரணி கனடா. 1–0 என்று முன்னிலையில் இருந்த கனடா அதைக் கடைசி நிமிடங்கள் வரை காத்து நின்றது. முடிய இரண்டு நிமிடம் பதினேழு நொடி இருந்தபோது ஏலர்ஸ் சமன் செய்தார். முடிய 49 நொடி இருந்தபோது நிக் ஓலெசன் இரண்டாவது கோலை அடித்தார். 2–1. அறுபது லட்சம் மக்களைக் கொண்ட, உலக சாம்பியன்ஷிப்பில் அதுவரை அரையிறுதியையே கண்டிராத டென்மார்க், ஐஸ் ஹாக்கியைத் தன் சொத்தாகக் கருதும் நாட்டைச் சொந்த மண்ணில் வெளியேற்றிவிட்டது. அந்த அரங்கில் இருந்த எவரிடமும் இது இரண்டாந்தரப் போட்டி என்று சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் பெரியது. வட அமெரிக்கக் கழகம் ஒன்றுக்காக ஆடும் பின்லாந்துக்காரருக்கும் லாட்வியாக்காரருக்கும், தன் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆட ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு இது. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் இரு அணிகளும் நீலக் கோட்டில் வரிசையாக நிற்கும். வென்ற நாட்டின் தேசிய கீதம் ஒலிக்கும். தோற்றவர்களும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அது முடியும்வரை நிற்பார்கள். இறுதி ஆட்டத்தில் மட்டுமல்ல, முதல் நாள் ஆட்டத்திலும் இப்படித்தான்.

கனடா 1961-க்குப் பிறகு 1994 வரை ஒரு பட்டம்கூட வெல்லாதது ஏன்?

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அப்போது இந்தப் போட்டியில் இடமில்லை. கனடாவின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் என்.எச்.எல்.-இல் சம்பளம் வாங்கி ஆடினார்கள். எனவே சிறு நகரங்களின் அமெச்சூர் கழகங்களே நாட்டின் சார்பில் வந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சுரங்கத் தொழில் சார்ந்த சிற்றூரான டிரெயிலிலிருந்து வந்த ஸ்மோக் ஈட்டர்ஸ் அணி 1961-இல் வென்றதுதான் அத்தகைய கழகங்களின் கடைசி வெற்றி.

சோவியத் அணியினரோ பெயரளவில் இராணுவ அதிகாரிகளாகவும் மாணவர்களாகவும் இருந்தபடி ஆண்டு முழுவதும் ஹாக்கி மட்டுமே ஆடினார்கள். இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு சினமுற்ற கனடா, குறைந்தபட்சம் சில தொழில்முறை ஆட்டக்காரர்களையாவது அனுமதிக்கக் கேட்டது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும், 1970-இல் மான்ட்ரியாலிலும் வின்னிபெக்கிலும் தான் நடத்தவிருந்த போட்டியைக் கைவிட்டு விலகியது. விதி மாறிய பிறகே, 1977-இல் வியன்னாவுக்கு வந்தது. கனடாவின் பக்கம் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. 1994-இல் மிலானில் பின்லாந்தை ஷூட்அவுட்டில் வென்றபோது அந்த 33 ஆண்டு வறட்சி முடிந்தது.

சோவியத் அணி அவ்வளவு வலிமை பெற்றது எப்படி?

சோவியத் ஒன்றியம் முதன்முதலாகக் கலந்துகொண்டதே 1954-இல்தான். முதல் முயற்சியிலேயே, ஸ்டாக்ஹோமில் கனடாவை 7–2 என்று தோற்கடித்துப் பட்டத்தைக் கொண்டுபோனது. மறு ஆண்டு கனடாவின் பென்டிக்டன் வீஸ் கழகம் 5–0 என்று பழிதீர்த்தது என்றாலும், காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பது தெரிந்துவிட்டது.

பெரிய திறந்த பனிவெளியில் பந்தைக் கொண்டு ஆடும் பேண்டி என்ற ஆட்டம் ரஷ்யாவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அதிலிருந்து வந்தவர்களுக்கு வேகமாகச் சறுக்குவதும் ஓயாமல் கைமாற்றிக் கொடுப்பதும் பழகிப்போன பழக்கம். பயிற்சியாளர் அனடோலி தராசோவ் அதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்: தனி ஒருவரின் திறமையைவிட, ஐவரும் ஒரே எண்ணத்தோடு நகர்வதே முக்கியம் என்பது அவர் வழி. 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலகப் பட்டம் அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. கோல்கீப்பர் விளாதிஸ்லாவ் திரெட்டியாக் ஒருவரே பத்து உலகப் பட்டங்களில் பங்கேற்றார்.

அப்படிப்பட்ட அணியும் சறுக்கியதுண்டு. 1976-இல் போலந்தின் கட்டோவிட்சே நகரில், போட்டியின் முதல் நாளிலேயே போலந்து அந்த அணியை 6–4 என்று வீழ்த்தியது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் அதே போட்டியில் போலந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

இந்தப் போட்டியின் வரலாற்றில் அரசியல் இவ்வளவு கலந்திருப்பது உண்மையா?

உண்மை. வேறு எந்த உலகப் போட்டியின் பதிவேட்டிலும் பனிப்போரின் காயங்கள் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதாக நான் கருதவில்லை. மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, செக்கோஸ்லோவாக்கிய அணியின் துயரம். 1947-இல் உலகப் பட்டம் வென்ற அந்த அணி, 1948 நவம்பரில் பாரிஸிலிருந்து லண்டனுக்குச் சென்ற விமானம் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் காணாமல்போனதில் ஆறு பேரை இழந்தது. இருந்தும் 1949-இல் ஸ்டாக்ஹோமில் மீண்டும் வென்றது. 1950 மார்ச்சில் பட்டத்தைக் காக்க லண்டனுக்குப் புறப்பட ப்ராக் விமான நிலையத்துக்கு வந்தவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். உடன் செல்லவிருந்த வானொலிச் செய்தியாளர்களுக்கு விசா கிடைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வெளிநாடு போனால் திரும்பமாட்டார்கள் என்ற ஆட்சியாளர்களின் அச்சமே உண்மையான காரணம். சில நாள்களில், ஓர் உணவு விடுதியில் மனம் கசந்து ஆட்சியைத் திட்டிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார்கள். தேசத்துரோக வழக்கில் கோல்கீப்பர் போஹுமில் மோத்ரிக்குப் பதினைந்து ஆண்டுகளும் அகஸ்டின் புப்னிக்குக்குப் பதினான்கு ஆண்டுகளும் தண்டனை. அணியினர் யுரேனியச் சுரங்கங்களில் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். 1955-இல் விடுதலை கிடைத்தது என்றாலும் மோத்ரியின் உடல் தேறவில்லை. அவர் 1963-இல் இறந்தார். உலகின் மிகச் சிறந்த அணியை அதன் சொந்த அரசே அழித்தது.

இரண்டாவது, 1957 மாஸ்கோ. முந்தைய ஆண்டு ஹங்கேரியின் எழுச்சியைச் சோவியத் படைகள் நசுக்கியதை எதிர்த்து கனடாவும் அமெரிக்காவும் வர மறுத்தன. கடைசி ஆட்டம் மூடிய அரங்கில் அல்லாமல் பெரிய கால்பந்து மைதானத்தில், திறந்த வானத்தின் கீழ் நடந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சொந்த அணி பட்டம் வெல்வதைப் பார்க்க வந்த அவர்கள் முன்னால் சுவீடன் 4–4 என்று சமன் செய்து, புள்ளிக் கணக்கில் பட்டத்தைத் தட்டிச் சென்றது.

மூன்றாவது, 1969. அந்த ஆண்டின் போட்டி ப்ராகில் நடந்திருக்க வேண்டியது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் டாங்கிகளோடு செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததால் ஸ்டாக்ஹோமுக்கு மாறியது. படையெடுத்த நாட்டின் அணியும் படையெடுக்கப்பட்ட நாட்டின் அணியும் இருமுறை மோத வேண்டியிருந்தது. செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர்களில் சிலர் தங்கள் சட்டையிலிருந்த சின்னத்தின் செந்நட்சத்திரத்தை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டு களமிறங்கினார்கள். மார்ச் 21 அன்று 2–0, மார்ச் 28 அன்று 4–3: இரண்டு ஆட்டங்களிலும் அவர்களே வென்றார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு கைகுலுக்கவில்லை.

இரண்டாவது வெற்றியின் இரவில் நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ப்ராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் இருந்த சோவியத் விமான நிறுவனமான ஏரோஃபிளாட்டின் அலுவலகம் சூறையாடப்பட்டது. அதைச் சாக்காக வைத்து மாஸ்கோ நெருக்கடியை இறுக்கியது. மூன்று வாரங்களுக்குள் சீர்திருத்தத் தலைவர் அலெக்சாந்தர் துப்செக் கட்சித் தலைமையிலிருந்து அகற்றப்பட்டார். அந்தப் போட்டியின் பட்டம் யாருக்கு என்றால், புள்ளிகளில் மூன்று அணிகள் சமமாக நிற்க, கோல் வித்தியாசத்தில் சோவியத் ஒன்றியத்துக்கே போனது. ஆனால் 1969 என்றதும் செக் மக்களும் ஸ்லோவாக்கியர்களும் பேசுவது அந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றித்தான்.

ரஷ்யாவும் பெலாரஸும் ஏன் இப்போது ஆடுவதில்லை?

உக்ரைன் மீதான 2022 பிப்ரவரிப் படையெடுப்பைத் தொடர்ந்து இரு நாடுகளின் அணிகளையும் கூட்டமைப்பு விலக்கிவைத்தது. 2023-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடக்கவிருந்த போட்டி பின்லாந்தின் டாம்பெரேக்கும் லாட்வியாவின் ரீகாவுக்கும் மாற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2021 போட்டியை ரீகாவோடு பகிர்ந்துகொள்ளவிருந்த பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கிடமிருந்து அந்த உரிமை பறிக்கப்பட்டிருந்தது.

சிறிய நாடுகளுக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது, இந்தப் போட்டியின் உயிரே அங்குதான் இருக்கிறது.

ஸ்லோவாக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோது உச்சப் பிரிவில் இருந்த இடம் செக் குடியரசுக்குப் போயிற்று. ஸ்லோவாக்கியா மூன்றாம் நிலைப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. படிப்படியாக ஏறி வந்து, 2002-இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் ரஷ்யாவை 4–3 என்று வென்று உலகப் பட்டத்தையே எடுத்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது வெற்றி கோலை அடித்தவர் பீட்டர் பொந்திரா. ஐம்பது லட்சம் பேர் கொண்ட நாடு எட்டே ஆண்டுகளில் அடிமட்டத்திலிருந்து உச்சிக்கு வந்தது.

லாட்வியாவின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. 2023-இல் வெண்கல ஆட்டத்தில் அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 4–3 என்று வென்று தன் முதல் பதக்கத்தைப் பெற்றது. சமன் செய்த கோலையும் வெற்றி கோலையும் அடித்தவர் ஒருவரே, கிரிஸ்டியான்ஸ் ரூபின்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரர். அன்று ஞாயிற்றுக்கிழமை. நாடாளுமன்றம் நள்ளிரவையொட்டி அவசரமாகக் கூடி, மறுநாள் திங்கட்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்தது.

பதக்கம் கிடைக்காதவர்களின் மகிழ்ச்சியும் குறைந்ததன்று. 2019-இல், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு உச்சப் பிரிவுக்கு வந்திருந்த பிரிட்டன் தன் கடைசி ஆட்டத்தில் பிரான்ஸிடம் 0–3 என்று பின்தங்கியிருந்தது. தோற்றால் கீழே இறங்க வேண்டும். மூன்று கோல்களைத் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தில் 4–3 என்று வென்றது. பட்டம் வென்றவர்களைப் போலவே அவர்கள் கொண்டாடினார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் தரும் ஆலோசனை: இறுதி ஆட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள், பிரிவின் கடைசி நாளில் இறக்கத்தைத் தவிர்க்கப் போராடும் இரண்டு அணிகளின் ஆட்டத்தையும் தவறாமல் பாருங்கள்.

பின்லாந்தும் சுவீடனும் மோதினால் ஏன் அவ்வளவு பரபரப்பு?

பல நூற்றாண்டுகள் சுவீடனின் ஆட்சிக்குட்பட்டிருந்த நாடு பின்லாந்து. ஐஸ் ஹாக்கியிலும் நெடுங்காலம் தம்பியாகவே நடத்தப்பட்டது. 1995-இல் ஸ்டாக்ஹோமில், சுவீடனின் சொந்த அரங்கில், 4–1 என்று வென்று பின்லாந்து தன் முதல் உலகப் பட்டத்தைப் பெற்றது. அதில் மூன்று கோல்கள் வில்லே பெல்டோனென் என்ற ஒருவரே அடித்தவை. அந்த அணியின் பயிற்சியாளர் கூர்ட் லின்ஸ்ட்ரோம் ஒரு சுவீடன்காரர் என்பது தோற்றவர்களுக்குக் கூடுதல் வலி. போட்டிக்காகச் சுவீடன் உருவாக்கிய பாடலைப் பின்லாந்து ரசிகர்கள் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

ஒருவர் பிறந்த நாட்டுக்குத்தான் ஆட வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் குடியுரிமை கட்டாயம். புதிதாக ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவர் அந்நாட்டின் உள்நாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும். ஏற்கெனவே வேறொரு நாட்டுக்காக ஆடியவர் என்றால் நான்கு ஆண்டுகள். அப்படி மாறுவதும் வாழ்நாளில் ஒருமுறைதான்.

பார்வையாளர்கள் எவ்வளவு பேர் வருகிறார்கள்?

2024-இல் ப்ராகிலும் ஆஸ்ட்ராவாவிலும் நடந்த போட்டிக்கு மொத்தம் 7,97,727 பேர் வந்தார்கள். இதற்கு முந்தைய சாதனையான 7,41,690-உம் 2015-இல் செக் குடியரசிலேயே பதிவானது. அதற்கு மேலான ஊக்கமாக 2024-இல் சுவிட்சர்லாந்தை 2–0 என்று வென்று சொந்த அணி பட்டமும் பெற்றது. ஒற்றை ஆட்டம் என்றால், 2010-இல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஹன் கால்பந்து மைதானத்தில் பனித்தளம் அமைத்து நடத்திய ஜெர்மனி–அமெரிக்கா தொடக்க ஆட்டத்தை 77,803 பேர் பார்த்தார்கள்.

இந்தியா ஆடுகிறதா?

இந்தியா 1989 முதல் சர்வதேசக் கூட்டமைப்பின் உறுப்பினர். ஆனாலும் உலக சாம்பியன்ஷிப்பின் எந்தப் பிரிவிலும் ஆடவர் அணி இன்னும் களமிறங்கவில்லை. ஆசிய அளவிலான போட்டிகளில் ஆடிவருகிறது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். குளிர்காலத்தில் குளங்களும் வயல்களும் உறைந்து கிடைக்கும் சில வாரங்களே அங்கே இயல்பான ஆட்டப் பருவம். ஆண்டு முழுவதும் பனித்தளம் உள்ள நாடுகளோடு இந்த நிலையிலிருந்து போட்டியிடுவது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இருந்தும் 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்திய அணி வெண்கலம் வென்றது. ஆடவர் அணிக்கும் தேவைப்படுவது பயிற்சிக்குரிய நிலையான பனித்தளங்கள்தான்.

நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே செல்ல வேண்டும்?

2026-க்கான போட்டி சுவிட்சர்லாந்தின் ஜூரிச், ஃப்ரிபோர்க் நகரங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2020-இல் அந்நாட்டில் நடக்கவிருந்த போட்டி கொரோனா பெருந்தொற்றால் ரத்தானதால், அங்குள்ள ரசிகர்கள் இதற்காக நெடுநாள் காத்திருந்தார்கள். 2027-க்கான உரிமை ஜெர்மனியின் டூசல்டார்ஃப், மான்ஹெய்ம் நகரங்களுக்கும், 2028-க்கான உரிமை பிரான்ஸின் பாரிஸ், லியோன் நகரங்களுக்கும் வழங்கப்பட்டுள்ளது. இந்த நாடுகளில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இவை ரயிலில் சென்று திரும்பக்கூடிய தொலைவே. காலிறுதியிலிருந்து நுழைவுச் சீட்டின் விலை ஏறிவிடும். பிரிவு ஆட்டங்களில், அதுவும் வார நாள்களின் மாலை நேர ஆட்டங்களில், நல்ல இருக்கை கிடைப்பது எளிது. வட்டின் போக்கைக் கண்ணால் தொடரப் பழகும்வரை கண்ணாடித் தடுப்புக்கு அருகில் உட்காராமல், நடுக்கோட்டுக்கு நேராகச் சற்று உயரத்தில் உள்ள வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.